இரண்டு தாளில் ஒரே குழி

மாட்டுக்கொம்பில் செதுக்கிய முத்திரைக்கட்டை சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு நான்கு நாளாக ஜின்ஷுய் வேலைக்குப் போய்வந்தார். தூங்கும்போது அது தலையணைக்கு அடியில். குளிக்கும்போது சோப்புப்பெட்டிக்குப் பக்கத்தில்.

கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அந்தப் பெயர் முத்திரை விழாமல் மகள் குவான்லிங் எந்தப் படையின் அதிகாரிக் கல்லூரிக்கும் போக முடியாது. அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் இரண்டு மாதம் பாக்கி. ஒப்புதல் தாளில் அப்பா முத்திரை, அம்மா முத்திரை இரண்டும் வேண்டும். அதை விருப்பத்தாளோடு சேர்த்துப் பள்ளி அலுவலகத்தில் கொடுக்கக் கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு தாளும் வாங்க மாட்டார்கள்.

சண்டை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வந்தது. முதல் விருப்பமாக விமானப்படையை எழுதப் போவதில்லை என்று குவான்லிங் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்றாள். ஜின்ஷுய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து தன் முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதன்பிறகு அப்பாவும் மகளும் பேசவில்லை.

அம்மா லீயுன் தன் கட்சியைப் போன மாதமே சொல்லியிருந்தாள். மேலே பறக்கவும் வேண்டாம், தண்ணீர்ப் பக்கமும் வேண்டாம், ஃபெங்ஷானில் தரைப்படைக் கல்லூரி இருக்கிறது, கால் மண்ணில் இருக்கட்டும் என்றாள். குவான்லிங் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று லீயுன் எடுத்துக்கொண்டாள்.

மூன்று கல்லூரிகளுமே தைவானின் இந்தக் காவ்சியூங் வட்டாரத்துக்குள்தான். தரைப்படை ஃபெங்ஷானில், கப்பற்படை ஸோயிங்கில், விமானப்படை இங்கே காங்ஷானிலேயே, இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. எதில் சேர்ந்தாலும் விடுப்பு கிடைத்தால் ஸ்கூட்டரில் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஜின்ஷுய்யின் வாய்.

காங்ஷானில் பிறந்தவனுக்கு இரண்டு சத்தம் தாய்ப்பால் மாதிரி. கீழே திருகாணி ஆலைகளின் சத்தம், மேலே பயிற்சி விமானங்களின் சத்தம். நான்கு வயதிலேயே குவான்லிங் ஆலை முற்றத்துக் கம்பிச்சுருள் மேல் ஏறி நின்று விமானத்துக்குக் கையாட்டுவாள். அன்றிலிருந்து பதின்மூன்று வருஷமாக ஜின்ஷுய் ஆலை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், என் பெண் ஒருநாள் இந்தக் கூரைக்கு மேலே போவாள் என்று. நெற்றி மேல் எழுதி ஒட்டிய மாதிரி ஆகிவிட்டது. இப்போது அதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

காலையில் ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. தேடும்போது மகளின் கோப்பு மேசையில் திறந்து கிடந்தது. மேலே இருந்த தாளில் கட்டம்போட்ட படம் ஒன்று. சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒன்றையொன்று ஒட்டி நேராக வந்து, வலப்பக்கம் ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்து ஏறியிருந்தன. கணக்குப் பாடம் போலிருக்கிறது என்று நினைத்தார். சாவி தாளுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆலையில் அவர் பார்ப்பது தலையடிக்கும் எந்திரம். ஒரு பக்கம் கம்பி உள்ளே போகும். எந்திரம் அதைத் துண்டு போட்டு, ஒரே குத்தில் தலை வைத்து, மறுபக்கம் துப்பும். நிமிஷத்துக்கு நூற்றைம்பது. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் குத்து இடக்கையில் ஒரு விரலின் நுனியை வாங்கிக்கொண்டது. மற்றபடி இருவருக்கும் தகராறு இல்லை.

அன்று சுருள் மாற்றும்போது சோவ் ஆரம்பித்தார். சோவ் ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கியுள்ள ஆள். பாரந்தூக்கியை ஓட்டுவதைவிட வாயை ஓட்டுவது அதிகம்.

"என்ன ஜின்ஷுய், இன்னிக்குக் கடைசி நாளாமே. முத்திரை இன்னும் சட்டையிலயே முட்டை போட்டுக்கிட்டு இருக்கா?"

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

"குத்தாம இருக்கிறதும் நல்லதுதான்டா. பெரியவங்க என்ன சொல்லியிருக்காங்க? நல்ல இரும்பை அடிச்சு ஆணி ஆக்க மாட்டான், நல்ல புள்ளை சிப்பாயாப் போகாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தப் பழமொழி தைவானில் படைக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளின் முதுகிலும் விழுகிற அடிதான். ஜின்ஷுய்க்குப் பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. நான்கு நாளாக மகளோடு பேசாதவன் மகளுக்காக ஊராரோடு எப்படிப் பேசுவது என்று விழுங்கிவிட்டார்.

பத்து மணிக்கு மருத்துவ வண்டி வந்தது. சத்தம் அதிகமுள்ள ஆலைகளுக்கு வருஷம் ஒருமுறை வரும். வரிசையாக நிற்கவைத்து ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் எடுப்பார்கள், பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் காதில் மூடி மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஜின்ஷுய் குத்துமதிப்பாக அழுத்துவார். எல்லோரும் அப்படித்தான். காது மந்தம் என்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம்.

இந்த வருஷம் வந்த செவிலிப் பெண் புதியவள். குத்துமதிப்பு அவளிடம் செல்லவில்லை. இரண்டாவது முறையும் உட்காரவைத்தாள். முடிந்ததும் தாளை அவர் முன் திருப்பி வைத்தாள்.

கட்டம்போட்ட படம். சிவப்புக் கோடு, நீலக் கோடு. வலப்பக்கம் ஒரு பள்ளம்.

"இது என்னம்மா?" என்று ஜின்ஷுய் கேட்டார்.

"உங்க காதுதான். இந்தக் குழி தெரியுதா? கீச்சுனு வர்ற சத்தம் இந்த இடம். அது உங்களுக்கு விழறதில்லை."

"வயசாச்சுல்ல."

"வயசானா கோடு சாஞ்சுக்கிட்டே போகும். காய்ச்சல்ல போனா வேற மாதிரி. இப்படி ஒரே இடத்துல விழுந்து ஏறுச்சுன்னா எந்திரச் சத்தம் தோண்டினது. இது ஆலைக்காரங்க காதுலதான் இருக்கும்."

ஜின்ஷுய் தாளைப் பார்த்தபடியே இருந்தார். வரிசையில் அடுத்து நின்றவன் இருமிக் காட்டினான்.

"சின்னப் புள்ளைங்களுக்கு வருமா? பதினேழு வயசுல?"

"எந்திரத்துக்கிட்ட நின்னா யாருக்கும் வரும். எவ்வளவு நாள் நின்னாங்க?"

"ரெண்டு கோடை லீவு."

"காதடைப்பான் போட்டிருந்தாங்களா?"

ஜின்ஷுய் எழுந்தார். தாளை நான்காக மடித்து, முத்திரை இருந்த பையிலேயே செருகினார்.

காதடைப்பான் இருந்தது. மஞ்சள் நிறத்தில், பஞ்சு போல. இரண்டு வருஷத்துக்கு முன் விடுமுறை வேலைக்கு வந்த முதல் நாள் முதலாளியின் மனைவிதான் குவான்லிங் கையில் கொடுத்தாள். பிடுங்கி எறிந்தவர் ஜின்ஷுய். காதை அடைத்துக்கொண்டால் எந்திரம் பேசுவது கேட்காது என்று சொன்னார். பொய்யில்லை. அச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் முதலில் சத்தம்தான் மாறும். அந்த நொடியில் நிறுத்தாவிட்டால் ஆயிரக்கணக்கில் குப்பையாகும். அந்த ஆலையில் காதை அடைத்தவனைத் தொழிலாளி என்றே யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பார்கள்.

பெண் வேகமாகக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது கோடையில் மேற்பார்வையாளனுக்கும் முன்பே கையைத் தூக்கி, மூன்றாம் எந்திரத்தில் அச்சு போகிறது என்றாள். நிறுத்திப் பார்த்தால் விரிசல். அன்று ஜின்ஷுய் ஆலை முழுக்கப் பன்றிக்கறிச் சோறு வாங்கிக் கொடுத்தார். என் காது அவளுக்கு வந்திருக்கிறது என்று மார்தட்டினார்.

வந்துதான் இருக்கிறது. குழியோடு சேர்த்து.

அவர் நேராகத் தன் எந்திரத்துக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். முப்பத்தோரு வருஷத்தில் எந்திரத்தில் கோளாறு இல்லாமல் அதை அவர் நிறுத்தியது இல்லை. சோவ் பாரந்தூக்கியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு, அச்சு போயிருச்சா?"

"ஆமா," என்றார் ஜின்ஷுய். "பாத்துக்கங்கண்ணே."

பள்ளி வளாகத்தில் ஜூன் மாத வெயில் தார்ச்சட்டி போலக் கொதித்தது. குவான்லிங் ஓட்டத்தடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கல்லூரி எதுவானாலும் மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும் என்று மூன்று மாதமாகத் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடுகிறாள். அப்பாவைப் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை.

ஜின்ஷுய் தடத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுற்றுகளை எண்ணினார். அவர் வந்தபிறகு நான்கு ஓடினாள். கடைசிச் சுற்றில் முகம் மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது, ஆனால் கால் தளரவில்லை. முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வேலைக்குப் போகலையாப்பா?"

ஜின்ஷுய் தாளை விரித்து நீட்டினார். அவள் பார்த்தாள். தலைப்பில் இருந்த பெயரைப் பார்த்தாள். முதலில் அது தன்னுடையது என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு புரிந்து, அவரைப் போலவே குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுது ரொம்ப ஆழம்," என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

ராணுவ மருத்துவமனையில் உடற்பரிசோதனை நடந்த அன்றே தெரியும் என்றாள். ஏழு வாரம் ஆகிறது. விமானி ஆவதற்கு மட்டும் தகுதி இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் தகுதி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இனிமேல் சத்தத்தில் காதை மூடிக்கொண்டால் இதற்கு மேல் கெடாது என்றும் மருத்துவர் சொன்னாராம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எந்திரத்தை உதைச்சிருப்பீங்க. உங்க கால்தான் உடைஞ்சிருக்கும்."

ஜின்ஷுய் சிரிக்கவில்லை. "பிடிக்கலைன்னு சொன்னியே. நான் உன்னைத் திமிர் பிடிச்சவள்னு நெனைச்சேன். நாலு நாளா உங்கூடப் பேசலை."

"பரவாயில்லை. வீடு அமைதியா இருந்துச்சு."

 தலைக்கு மேல் பயிற்சி விமானம் ஒன்று வளைந்து திரும்பியது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை இருவருமே கவனித்தார்கள்.

"அந்த மஞ்சள் பஞ்சை நான்தான் பிடுங்கி எறிஞ்சேன்," என்றார் அவர். இதைச் சொல்லத்தான் வந்தார். சொன்னபிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நுனி போன விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் குவான்லிங். "நீங்கதான்."

பரவாயில்லை என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. அது ஜின்ஷுய்க்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. பொய்யாகத் தடவிக்கொடுத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

"மூணு நாள் அழுதேம்பா. குளிக்கிற அறையில. நாலாம் நாள் போதும்னு தோணுச்சு. அப்புறம் உக்காந்து யோசிச்சேன்."

"விமானப்படையிலயே கீழ வேலை இருக்குமே? பழுது பாக்கிறது?"

"இருக்கு. ஆனா தெனமும் தலையைத் தூக்கி அடுத்தவன் பறக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை."

தரைப்படையைப் பற்றியும் விசாரித்திருக்கிறாள். போன மாதம் மூன்று கல்லூரிகளும் பார்வைக்குத் திறந்திருந்தன, மூன்றுக்கும் போயிருக்கிறாள். ஃபெங்ஷானில் பீரங்கி வண்டி மேல் ஏற்றினார்களாம், நன்றாகத்தான் இருந்ததாம். ஸோயிங்கில் கப்பலுக்குள் எந்திர அறைக்குக் கூட்டிப்போனார்கள். கூட வந்த பிள்ளைகள் சூடும் எண்ணெய் வாடையும் தாங்காமல் மேலே ஓடிவிட்டார்கள். இவளுக்கு மட்டும் நம் ஆலைக்குள் வந்த மாதிரி இருந்ததாம்.

"அங்க ஒரு அதிகாரி இருந்தா. பொண்ணு. என்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். காதுல இவ்வளவு பெரிய மூடி. எந்திரத்து மேல உள்ளங்கையை வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னா. நீங்க தலையைச் சாச்சுக்கிட்டு நிப்பீங்களே, அதே மாதிரி. அப்புறம் கூட இருந்தவங்கிட்ட ரெண்டாவது பம்புல ஏதோ தேயுதுன்னா. திறந்து பாத்தாங்க, தேஞ்சிருந்துச்சு."

"காதை மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டு. கையால கேக்கிறா."

ஜின்ஷுய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் எண்ணெயும் இரும்பும் தின்ற கை. அதற்கும் கேட்கத் தெரியும் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

"கப்பற்படைதானா?"

"முதல் விருப்பம் அதுதான். எந்திரப் பிரிவு. நாலு வருஷம் படிச்சா துணை லெப்டினன்ட். என் மதிப்பெண்ணுக்குக் கிடைச்சிரும்னு ஆசிரியர் சொல்றாரு. உறுதி இல்லை. ஆனா கிடைக்கும்."

அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. "தாளை எடு," என்றார்.

முத்திரை இருந்தது, மை இல்லை. பள்ளி வாசல் காவலரிடம் அஞ்சல் பொதி வாங்கிக் குத்துவதற்குச் சிவப்பு மைப்பெட்டி உண்டு. இருவரும் அங்கே போனார்கள். குவான்லிங் ஒப்புதல் தாளைக் காவலர் மேசையில் விரித்தாள். பெற்றோருக்கான இரண்டு கட்டங்களில் ஒன்றில் ஏற்கெனவே முத்திரை விழுந்திருந்தது. லீயுன் என்ற பெயர். மை காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

"அம்மா எப்பக் குத்துனா?"

"போன மாசம்."

"அப்ப உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"காது தெரியும். கப்பல் தெரியாது."

ஜின்ஷுய் மகளைப் பார்த்தார். ஒப்புதல் தாளில் படையின் பெயர் இல்லை, அது தனித்தாளில் இருந்தது. தரைப்படை என்று நம்பி லீயுன் குத்தியிருக்கிறாள்.

காவலர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தாளைப் படித்தார். படித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "பொம்பளைப் புள்ளையையா படைக்கு அனுப்புறே? நல்ல இரும்பை அடிச்சு ஆணி ஆக்க மாட்டாங்கப்பா."

காலையில் விழுங்கிய பதில் இப்போது தானாக வந்தது.

"நான் முப்பத்தோரு வருஷமா இரும்பை அடிச்சு ஆணி ஆக்குறவன்," என்றார் ஜின்ஷுய். "மட்டமான இரும்பைப் போட்டா முதல் குத்துலயே தலை பிளந்துக்கும். நல்ல இரும்புதான் தாங்கும். இந்தப் பழமொழியைச் சொன்னவன் ஆலை வாசப்படி மிதிக்காதவன்."

மையில் ஒற்றி, கட்டத்துக்கு நடுவில் வைத்து, உடம்புக் கனத்தைக் கையில் இறக்கி அழுத்தினார். எடுத்தபோது அவர் பெயர் ஒரு விளிம்பும் மங்காமல் தாளில் நின்றது. காவலர் மைப்பெட்டியை மூடினார்.

குவான்லிங் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். மணி பன்னிரண்டே முக்கால். ஐந்து மணிக்கு நிறையவே நேரம் இருந்தது, ஆனாலும் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பெற்றுக்கொண்ட சீட்டு இருந்தது. கூடவே இன்னொரு தாள், சேர்வதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். ஜின்ஷுய் அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். நான்காவது வரியில் நின்றார்.

"ஐம்பது மீட்டர் நீந்தணும்னு போட்டிருக்கே."

"ம்."

"உனக்கு நீந்தத் தெரியாதே."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

தெரியாதுதான். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது கோயில் ஜோசியர் சிவப்புத் தாளில் எழுதிக்கொடுத்தார், இருபது வயதுவரை தண்ணீருக்குப் பக்கத்தில் விடாதே என்று. லீயுன் அதை மடித்து முன்னோர் மாடத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பள்ளியில் நீச்சல் வகுப்பு வரும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதி அனுப்புவாள். ஒவ்வொரு வருஷமும் ஒரே காரணம்தான். பிள்ளைக்குக் காது வலி.

"இதை உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றார் ஜின்ஷுய்.

"நீங்க."

"நானா? படிக்கப் போறது நீ."

"முத்திரை குத்துனது நீங்க."

லீயுன் வேலை செய்யும் ஆட்டுக்கறிக் கடைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். ஜின்ஷுய் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த குவான்லிங் நான்கு நாள் கதையையும் சேர்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. ஒருமுறை தலைக்கு மேல் விமானம் போனது. கண்ணாடியில் பார்த்தார். அவள் கழுத்தைத் திருப்பி அதை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள்.

கடை வாசலில் லீயுன் முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு விலா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். வேலை நாளில், பட்டப்பகலில், பேசாத இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. பிறகு கணவரின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைப் பார்த்தாள். கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, உறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"குத்திட்டீங்களா? அப்பாடா. தரைப்படைதானே?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குவான்லிங் அரை அடி பின்னால் நகர்ந்தாள். ஜின்ஷுய் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"என்னது? கேக்கலையே," என்றார்.